கன்னையா தன் வாயால் சொன்னது

கன்னையாவுக்கு 'மாட்டேன்' என்ற சொல் வாயில் வராது. ஊமை என்றோ திக்குவாய் என்றோ நினைத்துவிட வேண்டாம். புத்தூருக்கும் நகரிக்கும் நடுவே இருந்த அந்தக் கிராமத்தில் அவர் தொண்டைக்கு ஈடான தொண்டை கிடையாது. தமுக்கடித்து ஒரு குரல் கொடுத்தாரென்றால் ஏரிக்கரை தாண்டிக் கேட்கும். அடுத்தவர் சொல்லச் சொன்னதை அட்சரம் பிசகாமல் சொல்லுவார். தனக்கென்று ஒன்று சொல்ல வேண்டி வந்தால்தான் வினை. தொண்டைக்குள் ஒரு கட்டி ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஊர் முழுக்க அவரை "டேய்" என்றுதான் கூப்பிட்டது. நாமாவது 'அவர்' என்போமே, என்ன குறைந்துவிடப் போகிறது!

சித்தூர் ஜில்லா ஆந்திராவுக்கா மதராஸுக்கா என்று எல்லைத் தகராறு சூடு பிடித்திருந்த காலம் அது. ஒருநாள் காலையில் தமிழ்க் கட்சிக்காரர்கள் வந்து, "கொடியப் புடிடா கன்னையா" என்றார்கள். பிடித்தார். புத்தூர் சந்தை வரைக்கும் மதராஸுக்காகக் கத்திக்கொண்டு போனார். திரும்பி வரும் வழியில் தெலுங்குக் கட்சிக்காரர்கள் மடக்கி, "ரா கன்னையா, நீ கொந்து மாக்கு காவாலி" என்றார்கள். உன் தொண்டை எங்களுக்கும் வேண்டும் என்கிறார்கள், எப்படி மறுப்பது? அதே சந்தைக்குப் போய் ஆந்திராவுக்காகவும் கத்திவிட்டு வந்தார். ஊர் மாதக்கணக்கில் சிரித்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அவர் பெண்டாட்டி சுந்தரம்மாதான் சிரிக்கவில்லை.

"ரெண்டு பக்கமும் கத்திட்டு வந்தியே, உன் பக்கம் எதுய்யா?" என்று கேட்டாள்.

அவர் குடும்பம் சொந்த மண்ணில்லாத குடும்பம். ஊர் முன்சீப் வெங்கடசாமியின் வீட்டுக்கும், அந்த வகையறாவுக்கும் சாவு சேதி கொண்டுபோவது பரம்பரையாக அவர்கள் தலையில் விழுந்த வேலை. அதற்காகக் காலில் மிதித்தால் தீர்ந்துபோகிற அளவுக்கு ஒரு துண்டு மானிய நிலம் விட்டிருந்தார்கள். பெரிய வீட்டில் யாராவது கண்ணை மூடினால் கன்னையா கிளம்ப வேண்டும். நாராயணவனம், சத்தியவேடு, வரதய்யபாளையம் என்று உறவுக்காரர்கள் எங்கெங்கே இருக்கிறார்களோ அங்கெல்லாம் நடை. போகிற வீட்டில் வாசலுக்கு வெளியே நிற்பார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவார். சேதி சொல்லாமல் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. பெரும்பாலும் சொல்ல வேண்டியே இருக்காது. அவர் நிற்பதைப் பார்த்தாலே உள்ளே பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அலற ஆரம்பித்துவிடுவார்கள். முடித்துத் திரும்பினவர் தலை முழுகித் தீட்டுக் கழித்தபிறகுதான் எந்த நல்ல காரியத்துக்கும் பக்கத்தில் போகலாம்.

இதில் அவருக்குப் போனது கொஞ்சநஞ்சமில்லை. மகள் செல்லியம்மா பிறந்தபோது அவர் வரதய்யபாளையத்தில் இருந்தார். அவளுக்குக் காது குத்தினபோது சத்தியவேட்டில். அவள் பெரியவளானபோது தீட்டுக்காரர் என்று சொந்த வீட்டுப் பந்தலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார். ஒரு தகப்பனுக்கு இதைவிடக் கொடுமை உண்டா, சொல்லுங்கள்! ஒரு தடவையாவது 'இன்றைக்கு வேறு ஆளைப் பாருங்கள்' என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கட்டிதான் விடவில்லையே.

செல்லியம்மாவுக்குத் திருத்தணிப் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயம் முடிந்த அன்று அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே, "என் கண்ணாலத்துக்காவது நீ இருப்பியா நைனா?" என்று கேட்டாள். சும்மா கேட்டதுதான், குத்திக்காட்டவில்லை. இருப்பேன் என்று சொல்ல கன்னையா வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. வாயிலிருந்த கவளமும் இறங்கவில்லை. அன்றிலிருந்து சாப்பாடு தொண்டையிலேயே நின்றது. கஞ்சிதான் ஆகாரம் என்றாகி ஆள் பாதியாகப் போனார்.

தாயத்து கட்டினார்கள், வேப்பிலை அடித்தார்கள். கடைசியில் சுந்தரம்மா அவரைத் திருப்பதிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ரயிலடிக்குப் பின்னால் டாக்டர் மனோரமா என்று ஒரு பெண்மணி புதிதாக வைத்தியசாலை திறந்திருந்தார். மதராஸில் படித்துவிட்டு லண்டனுக்கும் போய் வந்தவர். தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "தொண்டையிலே ஒண்ணும் இல்லீங்க கன்னையா" என்றார்.

'இல்லீங்க' என்ற மரியாதை யாருக்கு என்று கன்னையா திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

கம்பவுண்டர் முனிகிருஷ்ணன் அவருக்குக் காப்பி கொண்டுவந்தான். சர்க்கரை போட மறந்துவிட்டான், ஆறியும் போயிருந்தது. கன்னையா கஷ்டப்பட்டு மொத்தத்தையும் விழுங்கிவிட்டு, "நல்லா கீதும்மா" என்றார். டாக்டரம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சுந்தரம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஊர்வலக் கதை, சாவு சேதிக் கதை, கல்யாணக் கதை எல்லாம் வெளியே வந்தன.

"இதுக்கு மருந்தில்லே, ஊசியில்லே. பழக்கந்தான் வைத்தியம்" என்றார் டாக்டரம்மா. "பயந்து பயந்து அடங்கிப்போறது எப்படிப் பழகிப்போச்சோ, அதேமாதிரி மனசுல இருக்கறதைச் சொல்றதையும் பழகலாம். சின்னதுலே ஆரம்பிச்சு பெரிசுக்குப் போவோம். சீமையிலே இப்போ இப்படித்தான் செய்யறாங்க."

சுந்தரம்மாவுக்கு ஏமாற்றம்தான். ஒரு ஊசியாவது போட்டிருந்தால் வந்த வழிக்கு ஒரு நியாயம் இருந்திருக்கும். இருந்தாலும் வியாழக்கிழமைதோறும் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு ஏழைகளுக்கு இலவசம்.

முதல் பாடம், பேசுகிறவர் முகத்தை நிமிர்ந்து பார்ப்பது. கன்னையா டாக்டரம்மாவின் முகவாய் வரைக்கும் ஏறுவார், அங்கேயே வழுக்கிக் கீழே வந்துவிடுவார். கண்ணுக்குப் போய்ச்சேரவே வாரங்கள் ஆயின. அடுத்தது காப்பியை வேண்டாம் என்பது. முனிகிருஷ்ணன் வேண்டுமென்றே சர்க்கரையில்லாத காப்பியை நீட்டுவான். "இத்த நான் குடிக்கமாட்டேன்" என்று சொல்ல வேண்டும். கன்னையா வேர்த்து விறுவிறுத்து, டம்ளரை வாங்கி, குடித்தும் விடுவார். "அய்யோ ராமா!" என்று முனிகிருஷ்ணன் தலையில் கை வைத்துக்கொள்வான். பிறகு ஒருநாள் டம்ளரைக் கையில் வாங்காமல், "சக்கர இல்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். டாக்டரம்மா கை தட்டினார். கன்னையாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்று ஊருக்குப் போய் அரைத் தட்டுச் சோறு சாப்பிட்டார்.

இது வேலை செய்கிறது என்று கண்டதும் டாக்டரம்மாவுக்கு உற்சாகம். "வெளியிலேயும் பழகணும். உங்ககிட்ட பிரியமா இருக்கிற ஒருத்தர் வீட்டுக்குப் போங்க. உங்களைப் பத்தி ஒரு நல்ல விஷயம், நீங்களா சொல்லணும். பொண்ணு கல்யாணத்தையே சொல்லுங்களேன்" என்றார். படித்த புத்தியில் பிசகில்லாத யோசனைதான். ஆனால் யாரை எங்கே அனுப்புகிறோம் என்று அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. கன்னையாவுக்கும் அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

அவரிடம் பிரியமாக இருப்பவர் என்றால் புத்தூரில் வாழ்க்கைப்பட்ட முன்சீப்பின் தங்கை லட்சுமம்மாதான். ஊருக்கு வரும்போதெல்லாம் செல்லியம்மாவுக்கு ரிப்பனும் வளையலும் வாங்கிவருகிறவள். கன்னையா குளித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு நேராக அவள் வீட்டு வாசலில் போய் நின்றார். நின்றதும் பழக்கதோஷத்தில் கை போய்த் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிவிட்டது.

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த லட்சுமம்மா தலையைத் தூக்கினாள். முறம் எகிறி விழுந்தது. "அய்யோ அண்ணா! போயிட்டியா அண்ணா!" என்று வீறிட்டாள்.

கன்னையா பதறிப்போனார். 'இல்லம்மா, நல்ல சேதிம்மா' என்று சொல்ல வாயைத் திறந்தார். கட்டி ஏறிக்கொண்டது. கையை ஆட்டினார். துக்கத்தில் ஆட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். தெருவே கூடிவிட்டது, ஒப்பாரி கிளம்பிவிட்டது. ஆளுக்கொரு பக்கம் ஓடி வண்டி பூட்டினார்கள். லட்சுமம்மாவைத் தாங்கிப் பிடித்து ஏற்றி, வழி நெடுக அழுதுகொண்டே வண்டி போக, பின்னாலேயே கன்னையா 'அம்மா, அம்மா' என்று வராத குரலில் ஓடினார்.

ஊரில் முன்சீப் வெங்கடசாமி நடு வீட்டில் உட்கார்ந்து களி உருண்டையைக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தார். தங்கை வந்து மேலே விழுந்து கட்டிக்கொண்டு அழுததும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் ஆடித் தீர்த்துவிட்டார். "உசுரோட என்னைப் பாடையில ஏத்திட்டியேடா படுபாவி!" என்று தடியைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடி வரை துரத்தினார். ஆனாலும் தன் சாவுக்குத் தங்கை எப்படி அழுவாள் என்று கண்ணாரக் கண்டவர் உலகத்தில் எத்தனை பேர்? உள்ளுக்குள் அவருக்கு ஒரு குளிர்ச்சி இருந்தது என்றுதான் அவர் வீட்டுப் பெண்களே சொல்லிக்கொண்டார்கள்.

கன்னையாவுக்கு மறுபடி கஞ்சியும் இறங்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை சுந்தரம்மா டாக்டரம்மாவைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"இன்னா வைத்தியம்மா இது? அந்தாளு மூஞ்சியப் பாத்தாலே ஊரு சாவுன்னு அழுவுது. நீ போயி நல்ல சேதி சொல்லுன்றியே!"

மனோரமா சிரிக்கவில்லை. மேஜைமேல் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "தப்பு என்னோடதுதாம்மா" என்றார். "பயம் இவர் ஒருத்தருக்குள்ளே மட்டும் இருக்குன்னு நினைச்சிட்டேன். கேக்கறவங்க எல்லாருக்கும் அதிலே பங்கு இருக்குன்னு எனக்குப் படலே." லண்டனுக்குப் போய்வந்த டாக்டர் இப்படித் தப்பை ஒப்புக்கொள்வதைக் கேட்டு சுந்தரம்மாவின் கோபம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது.

டாக்டரம்மா கன்னையாவைப் பார்த்துக் கேட்டார். "முன்சீப்கிட்ட மாட்டேன்னு சொன்னா என்ன செய்வார்?"

"மானியத்தப் புடுங்கிக்குவாரும்மா."

"அப்போ சொல்லுங்கன்னு நான் சொல்லமுடியாது. பட்டினி கிடக்கப்போறது நீங்க, நானில்லே. சொல்லணும்னு உங்களுக்குத் தோணினா அப்போ வார்த்தை தடையில்லாம வரணும், அவ்வளவுதான் நான் செய்யமுடியும். உங்களுக்கு என்ன வேணும்?"

தனக்கு என்ன வேண்டும் என்று அவரை யாரும் கேட்டதில்லை. வாயால் சொல்ல முடியாமல் சுந்தரம்மாவைப் பார்த்தார். அவள் நீயே சொல் என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

அப்போது டாக்டரம்மாவுக்கு ஒன்று தோன்றியது. "கன்னையா, அடுத்தவங்க சேதின்னா நீங்க தடங்கலில்லாம சொல்றீங்களே. இப்போ ஒருத்தர் உங்களை அனுப்பியிருக்கார்னு வெச்சுக்குங்க. அவர் பேரும் கன்னையா. அவர் என்ன சொல்லி அனுப்பினார்?"

கன்னையா நிமிர்ந்தார். வைத்தியசாலையின் கண்ணாடிச் சன்னல் அதிரக் குரல் வந்தது. "கன்னையா சொல்லி அனுப்பிச்சாரு! பொண்ணு கண்ணாலத்துக்கு அவரு கூட இருக்கணுமாம்! அன்னிக்கி எந்தச் சாவுக்கும் அவரு போவமாட்டாராம்!"

வெளியே காத்திருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். சுந்தரம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு அதுதான் பயிற்சி. முனிகிருஷ்ணன் தலையில் முண்டாசு கட்டிக்கொண்டு டாக்டரம்மாவின் நாற்காலியில் முன்சீப்பாக உட்காருவான். "டேய் கன்னையா, கிளம்புடா" என்று மிரட்டுவான். அவன் மிரட்டியது பூனைக்குட்டி சீறியதுபோல்தான் இருக்கும், ஆனால் அதற்கே கன்னையா முதலில் வாசல் வரைக்கும் கிளம்பிவிட்டார். கன்னையா வரமாட்டாராம் என்று ஆரம்பித்து, வரமாட்டார் என்று ஆக்கி, மெள்ள மெள்ள நான் வரமாட்டேன் என்ற இடத்துக்கு அவரைக் கொண்டுவந்தார் டாக்டரம்மா. கோபத்தை மட்டுமல்ல, வருத்தத்தையும் பிரியத்தையும் அப்படியே சொல்லிப் பழக வேண்டும் என்பார். கடைசி வியாழக்கிழமை, "டாக்டரம்மா, உங்கள எனக்குப் புடிச்சிகீது" என்று கண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தார் கன்னையா. அன்று சாயங்காலம் ஊரில் முழுச் சாப்பாடு சாப்பிட்டார்.

அந்த வருஷம் சித்திரைக்கு முன்பே திருத்தணி மதராஸ் ராஜ்ஜியத்துக்குப் போய்விட்டது. இவர்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. "பக்கத்துல குடுக்கறேன்னு பாத்தா பொண்ணு வேற ராஜ்ஜியத்துக்கில்ல போவுது" என்று உறவுக்காரர்கள் கேலி பேசினார்கள். வைகாசியில் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டில். முதல்நாள் காலையிலேயே பெண்ணோடு கிளம்ப வேண்டும். வண்டி பூட்டியாகிவிட்டது. செல்லியம்மா தலை நிறையப் பூவோடு ஏறி உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துப் பெரிய வீட்டுப் பக்கமிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. முன்சீப்பின் தாயார் மணியம்மா போய்விட்டாள்.

ஆள் வந்து கூப்பிட்டான். சுந்தரம்மா குறுக்கே நின்றாள். "போவாதய்யா. போனா நீ வரமாட்ட. எனக்குத் தெரியாதா உன்ன?"

"ஒளிஞ்சிக்கினு போவக்கூடாது. சொல்லிட்டு வந்துடறேன்" என்றார் கன்னையா. வண்டிக்குள்ளிருந்து செல்லியம்மா எட்டிப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்தவரால் அங்கே நிற்க முடியவில்லை.

பெரிய வீட்டு வாசலில் கூட்டம். வெங்கடசாமி தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், கண்ணெல்லாம் சிவப்பு. "வந்துட்டியா? மொதல்ல புத்தூருக்குப் போ. லட்சுமிக்குச் சொல்லிட்டு அப்படியே நாராயணவனம், சத்தியவேடு. ஓடு" என்றார்.

கன்னையாவின் கை துண்டுக்குப் போயிற்று. பாதியில் நிறுத்தினார். தொண்டையில் கட்டி ஏறியது, பழைய கட்டிதான். அதைத் தள்ளிக்கொண்டு குரல் கணீரென்று வந்தது. "கன்னையா வரமாட்டாரு ஆண்டே!"

"எந்தக் கன்னையாடா?" என்றார் முன்சீப், விளங்காமல்.

கன்னையா முன்சீப்பின் முகத்தை, கண்ணை, நேராகப் பார்த்தார். "நான்தான் ஆண்டே. நான் வரமாட்டேன். என் பொண்ணுக்குக் கண்ணாலம். நான் அங்க இருக்கணும்."

"இன்னா திமிரு பாரு இவனுக்கு" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். "எங்க மானியத்தத் துன்னுக்கினு என்கிட்டயே சொல்றியா?" என்று முன்சீப் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"மானியத்த எடுத்துக்கோங்க ஆண்டே." கன்னையாவின் குரல் நடுங்கவில்லை. "பெரியம்மா போனது எனக்கு வலிக்குது. என் பொண்ணு பொறந்தப்ப அவங்கதான் பழம்புடவை குடுத்து அனுப்பினாங்க. அழுவணும்னா நின்னு அழுவேன். ஆனா போவமாட்டேன்."

தூக்கிய கையை முன்சீப் எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். உள்ளே தாயார் கிடக்கிற வீட்டு வாசலில் எவ்வளவுதான் ஆடமுடியும்? "அப்போ என் தங்கச்சிக்கு யார்ரா சொல்லுவாங்க?" என்றார். அதட்டலாக ஆரம்பித்தது, முடியும்போது கெஞ்சலாகிவிட்டது.

"நீங்க போயி சொல்லுங்க ஆண்டே. உங்க அம்மா. உங்க தங்கச்சி."

வெங்கடசாமி புத்தூர்த் திசையைப் பார்த்தார். அங்கே அவள் எதிரில் நிற்பதுபோல், "லட்சுமி, அம்மா..." என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் வரவில்லை. தொண்டை ஏறி இறங்கியது. மறுபடி வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. ஊருக்கே உத்தரவு போட்ட வாய்! சிறுபிள்ளைபோல் கண்ணீர் வழிய, "எனக்கு வாய் வரலியேடா" என்றார்.

அந்தத் தொண்டைக்குள் என்ன ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று கன்னையாவைவிட யாருக்குத் தெரியும்? அவருக்கு இரக்கமாகத்தான் இருந்தது.

"எனக்குன்னு ஒண்ணு சொல்ல எனக்கும் வந்ததேயில்ல ஆண்டே" என்றார். "உங்க வூட்டு சாவு ஒவ்வொண்ணுக்கும் வாய நான் வர வெச்சேன்."

உள்ளே கிடத்தியிருந்த மணியம்மாவின் பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். "டேய்" என்று ஒரு குரல் கேட்டது. கொஞ்சம் பொறுத்து, "கன்னையா" என்று கேட்டது. அவர் நிற்கவில்லை.

வண்டி மேட்டு ரோட்டில் ஏறி நகரிப் பக்கம் திரும்பியபோது, வெங்கடசாமி சைக்கிளில் எதிர்ப்பக்கம், புத்தூரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. சொல்ல வேண்டியதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போகிறார் என்று கன்னையாவுக்குத் தெரிந்தது. செல்லியம்மா நகர்ந்து, வண்டியோடு நடந்துவந்த தகப்பனுக்கு இடம் விட்டாள்.